ஹெச்.பி. எத்தனை, தண்ணீர் எவ்வளவு?

கோவையில் பம்ப்செட் வாங்க வரும் விவசாயி ஹெச்.பி.யை மட்டும் பார்த்துப் பணத்தை எடுக்க மாட்டார். எத்தனை அடியிலிருந்து எவ்வளவு தண்ணீர் தள்ளும், கரண்ட் எவ்வளவு இழுக்கும் என்று குடைந்து கேட்பார். கூடைப்பந்து சென்டர் என்று வந்தால் மட்டும் அதே ஊர்க்காரர்கள் நாம், "ஆள் ஆறே முக்கால் அடி, நேத்து 24 பாயின்ட்" என்பதோடு முடித்துக்கொள்கிறோம்.

பி.எஸ்.ஜி. கோப்பைக்கும் நாச்சிமுத்து கவுண்டர் கோப்பைக்கும் இந்தியன் வங்கி, ஐ.ஓ.பி., ராணுவம் என்று நாட்டின் நல்ல அணிகள் இங்கே வந்து ஆடுகின்றன. பெண்கள் கோப்பை ஒரு பம்ப் நிறுவனத்தின் பெயரிலேயே இருக்கிறது. ஆனால் மேசையில் எழுதப்படும் அதிகாரபூர்வ ஸ்கோர் ஷீட்டில் விழுந்த கூடை, ஃபவுல், டைம்-அவுட் இவைதான் ஏறும். தவறிய ஷாட்டுக்கு அதில் இடமே கிடையாது. வந்த தண்ணீர் தெரியும். ஓடிய கரண்ட் தெரியாது.

தவறியதையும் சேர்த்து எண்ண ஒரு கணக்கு உண்டு. எடுத்த ஷாட்டுகளோடு, ஃப்ரீ த்ரோ எண்ணிக்கையை 0.44-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். அதை இரட்டிப்பாக்கி, பாயின்டை அதனால் வகுங்கள். ஒரு சென்டர் 22 ஷாட், 4 ஃப்ரீ த்ரோ எடுத்து 24 பாயின்ட் போடுகிறார். விடை சுமார் 50 சதவீதம். இன்னொருவர் 11 ஷாட், 5 ஃப்ரீ த்ரோவில் 18 பாயின்ட், 68 சதவீதம். மறுநாள் பேப்பரில் முதலாமவர் பெயர்தான் வரும். அணிக்கு லாபம் இரண்டாமவர். (0.44 ஏன்? கூடை விழுந்த பிறகு கிடைக்கும் ஒற்றை ஃப்ரீ த்ரோ தனி வாய்ப்பாகாது. அதனால் பாதிக்கும் சற்றுக் குறைவு.)

இதே தராசில் பெரியவர்களையும் வைக்கலாம். அமெரிக்காவின் என்.பி.ஏ. லீகில், 1961-62 சீசனில் வில்ட் சேம்பர்லெய்ன் ஆட்டத்துக்குச் சராசரி 50.4 பாயின்ட் போட்டார். அதற்கு அவர் எடுத்த ஷாட் சராசரி 39.5; விடை 54 சதவீதத்தை எட்டவில்லை. 2022-23-ல் ஜோயல் எம்பீட் 33.1 பாயின்ட், 65 சதவீதத்துக்கு மேல். இதை வைத்து வில்ட்டைக் கீழே இறக்குவது நியாயமில்லை. அவர் காலத்தில் மொத்த லீகும் இதைவிடக் குறைவாகத்தான் போட்டது.

ஆழம், அதாவது எந்த மட்டத்தில் ஆடுகிறார் என்ற ஒன்றும் இருக்கிறதே. பஞ்சாபின் சத்னாம் சிங் ஏழடி இரண்டு அங்குலம். 2015-ல் டல்லாஸ் மேவரிக்ஸ் 52-வது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. என்.பி.ஏ.வில் ஓர் ஆட்டம்கூட ஆடக் கிடைக்கவில்லை. ஹெச்.பி. இருந்தது, போர்வெல் ஆயிரம் அடி. சென்னை தெற்கு ரயில்வேக்கு ஆடிய கேரளத்து கீது அன்னா ஜோஸ் ஆறடி இரண்டு அங்குலம்தான். ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் அணியில் ஆடிவிட்டு, 2011-ல் அமெரிக்கப் பெண்கள் லீகின் மூன்று அணிகளில் தேர்வுக்குப் போய்வந்தார்.

இந்தக் கணக்குக்குள்ளும் அடங்காதவர் செர்பியாவின் நிகோலா யோகிச். 2014-ல் 41-வது ஆளாகத் தேர்வானவர். பெரிதாகக் குதிப்பதில்லை, ஓட்டமும் அப்படித்தான். 2024-25-ல் 29.6 பாயின்டோடு ஆட்டத்துக்குப் பத்துக்கு மேல் அசிஸ்ட், அதாவது தான் போட்டது போக, மற்றவர் கூடைக்கு வாய்க்கால் வெட்டியது. என் கணக்கில் இன்றைய சென்டர்களில் அவரே முதல்.

அசிஸ்டுக்காவது ஆட்டத்தின் வழக்கமான புள்ளிவிவர அட்டவணையில் ஒரு கட்டம் இருக்கிறது. ஸ்கிரீனுக்கு அதுவும் இல்லை. சென்டர் சுவர் மாதிரி நிற்கிறார். துரத்தி வந்தவர் அவர்மேல் மோதி நிற்க, நம் கார்டு தனியாகப் போய் லேஅப் போடுகிறார். இரண்டு பாயின்ட் கார்டின் கணக்கில் ஏறுகிறது. சென்டருக்கு நெஞ்சில் ஓர் இடி மிச்சம்.