காவல் மட்டும் போதுமா?

2004 டிசம்பர் 26ஆம் திகதி சுமாத்ராவை அடுத்த கடலடியில் நிலம் அதிர்ந்து, ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தின் பின்னரே ஆழிப்பேரலை இலங்கையின் கிழக்குக் கரையை அடைந்தது. கரையோர மக்கள் மேட்டுநிலத்துக்கு ஒதுங்க அந்த நேரம் தாராளம். பசிபிக் நாடுகளுக்கு அரை நூற்றாண்டாக எச்சரிக்கை நிலையம் இருந்தது. இந்து சமுத்திரத்துக்கு இருக்கவில்லை. இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நமது சமுத்திரத்துக்கான அமைப்பு 2011இல்தான் முழுமையாக இயங்கத் தொடங்கியது. அரிதாக வரும் ஆபத்தை வராத ஆபத்தாக எண்ணியதற்குக் கொடுத்த விலை அது.

விண்ணைப் பொறுத்தும் இதே பிழை நடக்கும் என்பதைக் கொழும்பில் வாழ்ந்த ஆதர் சி. கிளார்க் முன்பே எழுதினார். 1973இல் வெளிவந்த ‘ரெண்டேவூ வித் ராமா’ நாவலில், விண்கல் விழுந்து வட இத்தாலி அழிந்த பிறகே உலகம் ‘ஸ்பேஸ்கார்ட்’ என்ற காவல் திட்டத்தை அமைக்கிறது. 1992இல் நாசாவின் ஆய்வறிக்கை அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டது. ஆனாலும் 2013இல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் வானில் வெடித்த, சுமார் 20 மீற்றர் அகலமான கல் சூரியன் இருந்த திசையிலிருந்து யார் கண்ணிலும் படாமல் வந்தது; 1,000க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். 2022இல் நாசாவின் டார்ட் விண்கலம் டைமோர்போஸ் என்ற சிறுகோளில் மோதி அதன் பாதையை மாற்றிக் காட்டியது. முன்கூட்டியே கண்டுகொண்டால் தடுக்க வழியுண்டு.

அப்படியானால் காவலே போதும், வேறு கோளில் குடியேறுவது எதற்கு என்ற கேள்வி எழும். அதே சுமாத்ராவில் சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த தோபா எரிமலையின் சாம்பல் இந்தியாவிலும் படிந்து கிடக்கிறது. அத்தகைய வெடிப்பைத் திசைதிருப்ப எந்த விண்கலத்தாலும் முடியாது. சீரழிந்த பூமிகூடச் செவ்வாயைவிட வாழத் தகுந்தது என்ற வாதம் ‘காவலே போதும்’ என்பதைவிட வலுவானது. அங்கே காற்றழுத்தம் இங்குள்ளதில் ஒரு வீதமும் இல்லை. அதனால் பூமியைக் கைவிட எவருக்கும் நியாயமில்லை. ஆயினும் தன் காலில் நிற்கும் குடியேற்றத்துக்குப் பல தலைமுறைகள் பிடிக்கும். ஆபத்து நெருங்கிய பின் அதைத் தொடங்க முடியாது.

2022இல் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாமல் நின்ற நம் நாட்டுக்கு வானம் எதற்கு என்பது நியாயமான கேள்விதான். தனித்து ரொக்கெட் ஏவும்படி எவரும் கேட்கவில்லை. சுனாமி எச்சரிக்கையைப் பல நாடுகள் சேர்ந்தே கட்டின. இலங்கைப் பொறியியலாளர் உருவாக்கிய ‘இராவணா-1’ செய்மதியும் 2019இல் ஜப்பானியப் பல்கலைக்கழகத்தின் துணையோடுதான் சுற்றுப்பாதைக்குச் சென்றது. மொரட்டுவையிலுள்ள ஆதர் சி. கிளார்க் நிலையத்துக்கு நிலையான நிதியும், வானியல் கற்க விரும்பும் மாணவருக்குத் தமிழில் பாடநூல்களும் கிடைக்க அரசு வழி செய்யட்டும். நம் பங்கு அங்கிருந்து தொடங்கலாம்.