பழைய ஆயில் இன்ஜினுக்கு உதிரி பாகம் வாங்குகிறீர்களா? இவற்றைக் கவனியுங்கள்

பயிர் தண்ணீருக்குக் காயும் நேரத்தில் ஆயில் இன்ஜின் நின்றுவிட்டால், கடையில் கிடைத்த பாகத்தை வாங்கி மாட்டிவிடுகிறோம். சில வாரங்களிலேயே புகை தள்ளுவது, ஆயில் குடிப்பது எனப் பிரச்னை திரும்பவும் வந்தால், பாகத்துக்குக் கொடுத்த பணமும் மெக்கானிக் கூலியும் வீண்.

ஏன் இந்தக் குழப்பம்?

நிமிடத்துக்கு 650 சுற்று ஓடும் லிஸ்டர் வகை இன்ஜின் இங்கிலாந்தில் உருவானது. அதே வடிவத்தில் குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில் பல பட்டறைகள் இன்ஜின்களையும் பாகங்களையும் தயாரித்தன. தோற்றம் ஒன்றுதான். ஆனால் அளவும் உலோகத் தரமும் பட்டறைக்குப் பட்டறை மாறலாம். ஆகவே 'லிஸ்டர் பிஸ்டன்' என்று பெயர் சொல்லிக் கேட்டால் மட்டும் போதாது.

வாங்கும் முன்

* பழைய பாகத்தையும், இன்ஜின் நேம் பிளேட்டின் புகைப்படத்தையும் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள்.
* லைனர் தேய்மானத்தை லேத் பட்டறையில் அளந்த பிறகே பிஸ்டன், ரிங் வாங்குங்கள். லைனரையும் மாற்றுவதாக இருந்தால் மூன்றையும் ஒரே தயாரிப்பாளரின் செட்டாக வாங்குவது நல்லது.
* நாசிலில் பொறித்துள்ள எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள்.
* பெட்டியில் தயாரிப்பாளர் பெயர், முகவரி இருக்கிறதா எனப் பாருங்கள். பில் கட்டாயம் வாங்குங்கள். அளவு பொருந்தாவிட்டால் மாற்றித் தருவதாக அதிலேயே எழுதி வாங்குங்கள்.

மாட்டும் முன்

* ரிங்கை மட்டும் லைனருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, ரிங் முனைகளின் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்கச் சொல்லுங்கள். லைனரின் உள்விட்டம் 100 மி.மீ. என்றால் 0.3 முதல் 0.4 மி.மீ. என்பது பொதுவான கணக்கு. இடைவெளி குறைந்தால் சூட்டில் ரிங் விரிந்து லைனரைக் கீறும். அதிகமானால் கம்ப்ரஷன் கசியும்.
* வார்ப்புப் பாகங்களில் வார்ப்பு மணல் ஒட்டியிருக்கலாம். அது ஆயிலில் கலந்தால் பேரிங்கைத் தின்றுவிடும். டீசலில் நன்றாகக் கழுவித் துடைத்த பிறகே மாட்ட வேண்டும்.
* நாசிலை டீசல் பம்ப் சர்வீஸ் கடையில் சோதியுங்கள். டீசல் பனிபோலத் தெளிக்க வேண்டும், சொட்டக் கூடாது. தெளிப்புக்கு எதிரே கையை நீட்டாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

கம்பெனி பெயர் இல்லாத பாகம் எல்லாமே மட்டம் என்று சொல்ல முடியாது. பெயர் அச்சிட்ட பெட்டியை மட்டும் நம்பவும் முடியாது. அளந்து பார்ப்பதே பாதுகாப்பு. அறுவடை முடிந்து இன்ஜின் சும்மா இருக்கும் நாட்களிலேயே தேய்மானத்தை அளந்து, அளவுகளை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அவசரத்தில் கிடைத்ததை வாங்கும் நிலை வராது.