மட்டை வீச்சில் இரு முறைகள்: நேர்வீச்சும் சுழல்வீச்சும்

மட்டையும் பந்தும் கொண்டு ஆடும் ஆட்டங்களில் புனே நகருக்கு நெடுநாளைய பழக்கம் உண்டு. 1948-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இந்நகரின் பூனா கிளப் மைதானத்தில், மகாராஷ்டிர அணியைச் சேர்ந்த பி. பி. நிம்பால்கர், காத்தியவார் அணிக்கு எதிராக ஆட்டம் இழக்காமல் 443 ஓட்டங்கள் எடுத்தார். முதல்தரக் கிரிக்கெட்டில் இந்தியர் ஒருவர் எடுத்த மிகப் பெரிய எண்ணிக்கை இன்றும் அதுவே. பள்ளிகளுக்கான தேசியப் போட்டிகளில் பேஸ்பாலும் சாப்ட்பாலும் இடம் பெற்றபின், இத்தகைய ஊர்களின் ஆசிரியர்கள் முன் ஒரு புதிய கேள்வி எழுந்துள்ளது. கிரிக்கெட்டில் பழகிய மாணவனுக்கு இப்புதிய ஆட்டங்களில் எவ்வகை மட்டை வீச்சைக் கற்பிப்பது என்பதே அது. இதற்கு விடை காண, பௌதிகப் பாடத்தின் சில அடிப்படை விதிகளே போதும்.

இரு முறைகள் யாவை?

முதலாவது நேர்வீச்சு. இதில் ஆடுபவர் உடற்பாரத்தைப் பின்காலிலிருந்து முன்காலுக்கு மாற்றுகிறார். கைகள் பந்தை நோக்கி ஏறக்குறைய நேர்கோட்டில் செல்கின்றன. கிரிக்கெட்டில் முன்காலை ஊன்றி நேராக அடிக்கும் அடி இதற்கு நெருங்கிய உறவுடையது. இரண்டாவது சுழல்வீச்சு. இதில் முதுகெலும்பை அச்சாகக் கொண்டு உடல் திரும்புகிறது. முதலில் இடுப்பும், பின்னர் மார்பும் தோளும், அதன்பின் கைகளும், இறுதியில் மட்டையும் விரைவு பெறுகின்றன. கிரிக்கெட்டில் குட்டையாக விழுந்தெழும் பந்தைக் குறுக்கு மட்டையால் இழுத்து அடிப்பது இவ்வகையைச் சார்ந்தது.

அமெரிக்காவில் இவ்விரு முறைகளுக்கும் தனித்தனி ஆதரவாளர்கள் இருந்தனர். 1941-இல் ஒரு பருவம் முழுவதும் ஆடி .406 என்னும் சராசரி பெற்ற டெட் வில்லியம்ஸ், இடுப்பின் சுழற்சியே வீச்சின் உயிர்நாடி எனக் கற்பித்தார். பாரத்தை முன்காலுக்கு மாற்றுவதை வலியுறுத்தியவர் சார்லி லாவ் என்னும் பயிற்சியாளர். அவரிடம் பயின்ற ஜார்ஜ் பிரெட் 1980-இல் .390 என்னும் சராசரியை எட்டினார். இருவழியிலும் வெற்றி கிட்டியிருப்பதால், பெயர்களைக் கொண்டு இவ்வழக்கைத் தீர்க்க இயலாது. கணக்கைக் கொண்டே தீர்க்க வேண்டும்.

ஆற்றல் எங்கிருந்து வருகிறது?

50 கிலோகிராம் எடையுள்ள மாணவி ஒருத்தி வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் முன்னே அடியெடுத்து வைப்பதாகக் கொள்வோம். நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால், அவளது உடலின் இயக்க ஆற்றல் 25 ஜூல் ஆகும். அவள் வீசும் மட்டையின் எடை 0.7 கிலோகிராம் என்றும், அதன் நடுப்பகுதி வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் செல்கிறது என்றும் கொண்டால், மட்டையின் ஆற்றல் ஏறத்தாழ 79 ஜூல். மட்டை தானே சுழல்வதால் உண்டாகும் ஆற்றல் இதில் சேரவில்லை. முன்னேறும் உடலின் ஆற்றல் முழுவதும் ஒரு துளியும் வீணாகாமல் மட்டைக்குச் சென்றாலும், தேவையில் மூன்றில் ஒரு பங்கே கிடைக்கும். எஞ்சியதைத் தொடை, இடுப்பு, வயிறு, முதுகு ஆகியவற்றின் தசைகள் உடலைத் திருப்புவதன் மூலமே அளிக்கின்றன. ஆகவே வேகத்தின் முதன்மையான ஊற்று சுழற்சியே என்பது தெளிவு.

அவ்வாறாயின் முன்னடி வீணா? அன்று. ஓடும் பேருந்து திடீரென நின்றால், நிற்பவரின் பாதம் நின்றுவிட, மேலுடல் முன்னே சாய்கிறது. அதுபோல முன்கால் தரையில் உறுதியாக ஊன்றியதும் இடுப்பின் முன்பக்கம் தடைபடுகிறது. பின்பக்கமோ தொடர்ந்து முன்னே வருகிறது. கீலில் மாட்டிய கதவின் ஓரத்தைத் தள்ளினாற்போல் இடுப்பு திரும்புகிறது. முன்னேற்றம் சுழற்சியாக மாறும் இடம் இதுவே. நேர் இயக்கம் வீச்சைத் தொடங்கி வைக்கிறது. சுழல் இயக்கம் அதனை முடித்து வைக்கிறது.

கவணும் மட்டையும்

தினைப்புனம் காப்போர் கவணில் கல்லை வைத்துச் சுழற்றும்போது கை சிறு வட்டத்திலும், கல் பெரு வட்டத்திலும் செல்கின்றன. ஒரே சுழல்வேகத்தில், அச்சிலிருந்து தொலைவு கூடக்கூட வேகமும் கூடுகிறது. மட்டையின் நுனிக்கு வேகம் கிட்டுவதும் இதனாலேயே. எனினும் சுழலும் பொருளின் சடத்துவம் தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது; தொலைவு இருமடங்கானால் தடை நான்கு மடங்காகும். ஆதலின் வீச்சின் தொடக்கத்தில் கைகளை உடலுக்கு அருகே வைத்துக்கொண்டு, உடல் வேகம் பெற்றபின் நீட்டுவதே முறை. தொடக்கத்திலேயே கைகளை அகல நீட்டும் மாணவன் மெதுவாகவே திரும்புவான். நுனி கனத்த மட்டை சிறுவர்க்கு ஆகாது என்பதற்கும், கைப்பிடியில் இரண்டு விரற்கடை மேலே பிடித்தால் வீச்சு விரைவாகும் என்பதற்கும் காரணம் இதுவே.

விரைவு ஏன் தேவை? சர்வதேச மகளிர் சாப்ட்பாலில் எறியும் இடத்துக்கும் அடிக்கும் இடத்துக்கும் இடையே 13.11 மீட்டர் தூரம். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து இதனை அரை வினாடியளவில் கடக்கும். வீச்சுக்கு மட்டும் சுமார் 0.15 முதல் 0.2 வினாடி செல்வதால், பந்தைக் கண்டு முடிவு செய்ய எஞ்சுவது ஏறத்தாழ 0.3 வினாடியே. வீச்சு குறுகக் குறுக, பந்தைப் பார்க்கும் நேரம் நீளும்.

இரு ஆட்டங்களுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பேஸ்பாலில் மேட்டின்மீது நின்று தோளுக்கு மேலிருந்து எறிவதால் பந்து சற்றே இறங்கி வருகிறது. வேகச் சாப்ட்பாலில் கையைக் கீழாகச் சுழற்றி எறிவதால் பந்தின் பாதை பெரும்பாலும் மட்டமானது. மட்டையின் பாதை பந்தின் பாதையோடு பொருந்தினால், காலக் கணிப்பில் சிறு பிழை நேர்ந்தாலும் பந்து மட்டையில் படும். ஆகவே பேஸ்பாலில் மட்டை இலேசாக மேல்நோக்கியும், சாப்ட்பாலில் ஏறக்குறைய மட்டமாகவும் செல்வது நன்று. மேலிருந்து வெட்டுவதுபோல் அடிக்குமாறு கூறும் அறிவுரை இவ்விரண்டுக்கும் பொருந்தாது.

பள்ளியில் செய்து காணத்தக்கவை

ஒரு கம்பத்தின் மீது பந்தை வைத்து, மாணவனை முதலில் முக்காலியில் அமர்த்திக் கைகளால் மட்டும் அடிக்கச் செய்க. பின்னர் நின்று இடுப்பைத் திருப்பி அடிக்கச் செய்க. பந்து சென்ற தூரங்களை அளந்து ஒப்பிட்டால், காலும் இடுப்பும் அளிக்கும் பங்கு கண்கூடாகும். அடுத்து, வலை அல்லது வேலிக்கு எதிரே ஒரு மட்டை நீளம் விலகி நின்று, வேலியில் படாமல் வீசச் சொல்க. கைகளை முன்கூட்டியே நீட்டுவோரின் மட்டை வேலியில் தட்டும். கைபேசியில் மெதுவேகப் படம் எடுத்தால், இடுப்பு, தோள், மட்டை ஆகியன முறையே திரும்புவதைக் காணலாம்.

சுழல்வீச்சு இடுப்பு முதுகின்மீதும் விலாத் தசைகளின்மீதும் பெருஞ்சுமையை ஏற்றுவது. உடலைச் சூடேற்றும் பயிற்சியின்றி இதனைத் தொடங்கலாகாது. வளரும் சிறுவர் ஒரே நாளில் பன்முறை முழுவேகத்தில் வீசுவதும், முதுகுவலியோடு ஆடுவதும் தவிர்க்கத்தக்கன. வீசுபவரைச் சுற்றி மட்டை எட்டாத தூரத்தில் பிறர் நிற்பதை ஆசிரியர் உறுதி செய்தல் வேண்டும்.

கிரிக்கெட் பழகிய மாணவனின் முன்னடியைக் குறையாகக் கருதி நீக்க வேண்டுவதில்லை. அந்த அடியைச் சிறிதாக்கி, ஊன்றிய காலைச் சுற்றி இடுப்பைத் திருப்பக் கற்பித்தால், அவன் முன்பே அறிந்த இயக்கமே புதிய ஆட்டத்துக்கு அடிப்படையாகும்.