வீட்டுக்கு வயசு என்ன?

களக்காட்டில் பழைய ஓட்டு வீடு எதற்குள்ளாவது போனால் அண்ணாந்து பாருங்கள். "எங்க பூட்டன் கட்டினது, இருநூறு வருசம் இருக்கும்" என்பார் அந்த வீட்டு ஆச்சி. இருக்கலாம். ஆனால் தலைக்கு மேலே இருப்பது சீமை ஓடு என்றால், கூரைக்கு அவ்வளவு வயசு கிடையாது. மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டு ஆலை தொடங்கியதே 1865இல்தான். கழற்றி வைத்த ஓடு ஏதாவது கிடந்தால் புரட்டிப் பாருங்கள், ஆலையின் பெயர் அச்சாகியிருக்கும். அப்படியானால் ஆச்சி சொன்னது தப்பா? அப்படியும் சொல்லிவிட முடியாது. நாட்டு ஓட்டை இறக்கிவிட்டுச் சீமை ஓடு போட்டவர்கள் எத்தனையோ பேர். கூரையின் வயசு வேறு, சுவரின் வயசு வேறு.

உத்தரம் தேக்கா? மழைக்காலத்தில் வேகமாக வளர்ந்து, கோடையில் இலையுதிர்த்து ஓய்கிற மரம் அது. அதனால் வெட்டிய முகத்தில் ஆண்டுக்கு ஒரு வளையம் தெரியும். இப்படி வளையங்களை ஒப்பிட்டுத்தான் அமெரிக்காவில் டக்ளஸ் என்ற வானியலாளர், பழங்குடிகளின் பாழடைந்த ஊர்கள் கட்டப்பட்ட ஆண்டுகளை 1929இல் கண்டுபிடித்தார். நம் பக்கத்து வீடுகளிலோ பெரும்பாலும் பனங்கைதான். பனைக்கு வளையமே கிடையாது, கறுப்பு நார்ப் புள்ளிகள்தான். தலைமுறை தலைமுறையாகக் கூரையைத் தாங்கும். வயசை மட்டும் சொல்லாது!

சுவருக்கு வருவோம். உதிர்ந்த காரைத் துண்டு கிடந்தால் எடுத்துப் பாருங்கள் (நீங்களே சுரண்டினால் திட்டு விழும்). வெள்ளையாக இருந்தால் சுண்ணாம்பு. காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மெல்ல மெல்ல இறுகியது அது. சாம்பல் நிறமாக, கல்போல இருந்தால் சிமென்ட். நம் மாவட்டத்துத் தாழையூத்தில் சிமென்ட் ஆலை ஓடத் தொடங்கியது 1949இல்.

சுவர்மேல் மரப்பட்டை அடித்து மின்கம்பி ஓடுகிறதா? பெரும்பாலும் வீடு முந்தி, கரண்டு பிந்தி. பாபநாசம் நீர்மின் நிலையம் வந்தது 1944இல்.

எனக்கு ரொம்பப் பிடித்த தடயம் இரண்டு சுவர்கள் சேரும் மூலை. ஒன்றாகக் கட்டியிருந்தால் செங்கற்கள் மாறி மாறிக் கோத்திருக்கும். மேலிருந்து கீழ்வரை நேர்கோடாகப் பிளவு ஓடினால், ஒரு சுவர் பிறகு ஒட்டவைத்தது. எது மூத்தது? பிளவுக்குள் டார்ச் அடியுங்கள். எந்தச் சுவரின் வெள்ளையடிப்பு மற்றதன் பின்னால் புகுந்து தொடர்கிறதோ, அதுதான் மூத்த சுவர்.