வெள்ளம் புகுந்த வீட்டைச் செப்பனிடுதல்

காங்கேயம் வட்டாரம் மழை குறைந்த பூமி. கொழுக்கட்டைப் புல் வளரும் கொறங்காடும், கிளுவை வேலியும், காங்கேயம் மாடுமே இதற்கு அடையாளங்கள். வருஷத்து மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சில நாட்களுக்குள் கொட்டி முடிந்துவிடும். ஆகையால் இங்குள்ள குடியானவர்கள் வறட்சிக்கு ஆயத்தமாக இருப்பதுபோல் வெள்ளத்துக்கு ஆயத்தமாக இருப்பதில்லை. பல வருஷங்களாகத் தண்ணீர் காணாத பள்ளத்தின் ஓரத்தில் வீடும் மாட்டுக் கொட்டகையும் எழும்பிவிடுகின்றன. 1977 நவம்பரில் வேடசந்தூர்ப் பக்கம் குடகனாறு அணை உடைந்ததும், 2011 நவம்பரில் திருப்பூரில் நொய்யலும் ஜம்மனைப் பள்ளமும் பெருகிக் கரையோர வீடுகளுக்குள் புகுந்து உயிர்ச்சேதம் விளைத்ததும், வறண்ட பிரதேசத்திலும் வெள்ளம் வரும் என்பதற்குச் சான்றுகளாகும்.

தண்ணீர் வடிந்ததும் அபாயம் நீங்கிற்றென்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. மண்சுவரும் பச்சைக்கல் சுவரும் ஊறினால் தம் பலத்தில் பெரும்பகுதியை இழந்துவிடும். சுவரின் அடிப்பாகம் குழைந்திருக்க, மேற்பாகமும் கூரையும் பழைய பாரத்துடனேயே அதன்மீது நிற்கும். வெளியே நின்ற தண்ணீர் வடிந்தவுடன் சுவருக்கு அதுவரை கிடைத்த பக்க ஆதாரமும் போய்விடும். ஆகவே வெயிலடிக்கும் நாளிலும், ஆட்கள் உள்ளே உறங்கும் இரவிலும் சுவர் விழக்கூடும்.

முதலில் செய்ய வேண்டியவை

வீட்டினுள் நுழையுமுன் மின்சாரத்தைப் பிரதான இடத்தில் நிறுத்துதல் வேண்டும். தண்ணீரில் நின்றுகொண்டு அதைத் தொடலாகாது. மின்சாரப் பணியாளரைக் கொண்டு செய்வித்தலே உசிதம். பிறகு வெளியே நின்றபடி நான்கு சுவர்களையும் தூக்குக்குண்டு விட்டுப் பார்க்க வேண்டும். சாய்ந்ததும், அடியில் அரிக்கப்பட்டதும், மூலையில் பிளந்ததுமான சுவருக்கு மரத்தால் முட்டுக்கொடுத்த பின்னரே சாமான்களை எடுக்கலாம். குழந்தைகளையும் கன்றுகாலிகளையும் அச்சுவர் ஓரத்தில் விடலாகாது. ஓட்டுக்கூரையாயின் சாய்ந்த சுவரின் பக்கத்து ஓடுகளை இறக்கிப் பாரத்தைக் குறைப்பது நலம். குவிந்த வண்டலில் பாம்பு தங்கியிருக்குமாதலால் கையால் அள்ளாமல் மண்வெட்டியால் வழித்தெடுக்க வேண்டும்.

சுவர் உலர்தல்

கதவு, சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் உண்டாக்குவதே சிறந்த மருந்து. அறையினுள் பெருந்தீ மூட்டி உலர்த்தினால் மேற்புறம் மாத்திரம் விரைவில் காய்ந்து வெடிக்கும். ஊறிய கனம் ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம் என்பது கட்டட வேலையில் வழங்கும் கணக்கு. இவ்வட்டாரத்து வெயிலிலும் காற்றிலும் இது குறையலாம். கார்த்திகையில் நனைந்த சுவருக்கு மாசி, பங்குனிக்கு முன் பூச்சு வேலை செய்யாதிருப்பது நல்லது. ஈரம் போயிற்றா என்று அறிய, ஒரு முழச் சதுரப் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு ஓரமும் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பார்க்கலாம். தாளின் உட்புறம் முத்துமுத்தாக நீர் கோத்திருந்தால் சுவர் இன்னும் உலரவில்லை.

பூச்சு

அவசரப்பட்டுச் சிமெண்டு பூசுவதே குடியானவர்கள் வழக்கமாய்ச் செய்யும் பிழை. சிமெண்டுப் பூச்சு மண்சுவரின் ஈரத்தை வெளியே விடாது; உள்ளே தங்கிய ஈரம் சுவரைக் குழைத்துப் பூச்சையும் உரித்துத் தள்ளும். சுண்ணாம்பு ஒரு பங்கும் மணல் மூன்று பங்கும் கலந்து நன்றாய் அரைத்த காரை ஈரத்தை வெளியே விடும். சுக்கான்கல் கிடைக்கும் இந்நாட்டில் முன்னோர் சுண்ணாம்பை நம்பியதற்குக் காரணம் உண்டு. நொய்யல் கரையோர வீடுகளில் மற்றொரு தொல்லையுண்டு. சாயக்கழிவால் அவ்வாற்று நீர் நெடுங்காலம் உப்பேறிக் கிடந்ததும், 1992இல் கட்டி முடிந்த ஒரத்துப்பாளையம் அணையில் அக்கழிவு தேங்கியதும், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும் யாவரும் அறிந்தவை. உப்பு ஏறிய சுவரில் வெள்ளை பூத்தால் அதை உலர்ந்த துடைப்பத்தால் தட்டி அகற்ற வேண்டும். நீர் விட்டுக் கழுவினால் உப்பு மீண்டும் உட்செல்லும்.

கிணறு

சுற்று மண் ஊறியிருக்கையில் கிணற்றை ஒரேயடியாக இறைத்தால் கட்டுச் சரியும். சிறிது சிறிதாக இறைக்க வேண்டும். கலங்கல் தெளிந்தபின் 1,000 லிட்டர் நீருக்கு 2.5 கிராம் நல்ல சலவைத்தூள் தேவை. விட்டம் 3 மீட்டரும் நீர் ஆழம் 5 மீட்டரும் உள்ள கிணற்றில் ஏறக்குறைய 35,000 லிட்டர் நீர் இருக்கும். அதற்குச் சுமார் 90 கிராம் வேண்டும். தூளை வாளி நீரில் கரைத்து, வண்டல் படிந்தபின் தெளிந்த நீரை மாத்திரம் கிணற்றில் கலக்கி, ஒரு மணி நேரங் கழித்துப் புழங்கலாம். இரவில் கடைசியாக நீர் சேந்திய பிறகு இதைச் செய்தல் வசதி.

தானியமும் தீவனமும்

நனைந்த குதிரையும் தொம்பையையும் உடனே காலிசெய்து தானியத்தை மெல்லப் பரப்பி உலர்த்த வேண்டும். பூஞ்சணம் பிடித்த நிலக்கடலை, கொப்பரை, பிண்ணாக்கு ஆகியவற்றை மாட்டுக்காவது ஆகட்டுமென்று வைத்துக்கொள்வது பெருங்கேடு. 1960இல் இங்கிலாந்தில் அத்தகைய கடலைப் பிண்ணாக்கைத் தின்று ஒரு லக்ஷத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. அந்த ஆராய்ச்சியிலேயே அஃப்லடாக்ஸின் என்னும் விஷம் கண்டறியப்பட்டது. பசு தின்றால் அவ்விஷத்தின் ஒரு கூறு பாலிலும் இறங்கும். நனைந்த சோளத்தட்டுப் போரைப் பிரித்து உலர்த்தி, கறுத்த பாகத்தை எருக்குழியில் போட்டுவிட வேண்டும்.

கிராம அதிகாரிகள் கவனத்துக்கு

சேதம் செப்பனிடப்படுமுன்னரே கிராம நிர்வாக அலுவலர் நேரில் பார்த்துக் குறித்துக்கொள்வது அவசியம். குடிசையல்லாத வீட்டில் சேதம் 15 சதவிகிதமாவது இருந்தால்தான் நிவாரண விதிகளில் பகுதிச் சேதமாகக் கொள்ளப்படும். வீட்டோடு சேர்ந்த மாட்டுக் கொட்டகையும் தனியே கணக்கில் வரும். ஆகையால் சுவரில் வெள்ளம் நின்ற மட்டத்தைக் கரிக்கோடு இட்டுப் படமெடுத்து வைத்தல் வேண்டும்.

அக்கோடு பின்னரும் பயன்படும். மறுபடி கட்டுவோர் தரைமட்டத்தை அக்கோட்டுக்கு ஓர் அடி மேலாக உயர்த்தி, அதுவரை கருங்கல்லால் கட்டி, மண்வேலையை அதன்மேல் தொடங்கலாம். அவ்வளவு உயர்த்த இயலாதென்று கண்டால், அவ்விடம் வீட்டுக்கு ஏற்றதன்று. மேட்டில் வேறு மனை தேடிக்கொள்வதே மிச்சமான வழி.