பழகாத தானியமும் குடும்பச் சமையலும்

2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அரிசி, கோதுமையுடன் புன்செய்த் தானியங்களும் இடம்பெற்றுள்ளன. 2023 ஜனவரி முதல் தகுதியுள்ள குடும்பங்களுக்கு உணவுத் தானியம் விலையின்றி வழங்கப்படுகிறது. ஆயினும் தானியம் வீடு சேர்வதனால் மட்டும் ஊட்டம் கிட்டிவிடாது. அது சமைத்து உண்ணப்படவேண்டும்.

கோதுமைக்குப் பழகிய குடும்பத்தினர் சோள மாவைக் குளிர்ந்த நீரில் பிசைந்தால் ரொட்டி வெடித்து உதிர்கிறது. கோதுமை மாவைப் பிணைக்கும் புரதம் சோளத்தில் இல்லாமையே இதற்குக் காரணமாகும். வெந்நீரில் பிசையும்போது மாவுச்சத்து ஓரளவு வெந்து பசைத்தன்மை பெறுகிறது. பின்னர் கையால் தட்டி ரொட்டியாக்கலாம். மகாராஷ்டிரத்திலும் வட கர்நாடகத்திலும் இம்முறை வழிவழியாக வழங்கி வருகிறது.

சமைக்கும் முறை அறியாத வீட்டில் தானியம் வண்டுக்கே இரையாகும். எனவே, பழகாத தானியத்தை வழங்கும்போது அதன் செய்முறையையும் உடன் வழங்குதல் இன்றியமையாததாகும்.