யந்திரம் பூசும் வர்ணம்

பழைய கறுப்பு வெள்ளைப் போட்டோக்களுக்குச் செயற்கை நுண்ணறிவு யந்திரங்களைக் கொண்டு வர்ணம் பூசும் வழக்கம் நம் நாட்டில் வெகுவாகப் பரவி வருகிறது. ஆகஸ்டு மாதம் பிறந்ததும் தேசபக்தர்களின் படங்களெல்லாம் வர்ண உடை தரித்துக் கைபேசிகளில் உலா வருகின்றன. காலஞ்சென்ற பாட்டனார் பாட்டிமாரின் கல்யாணப் படங்களும் அவ்வாறே மாற்றப்பட்டு வீட்டுச் சுவர்களை அலங்கரிக்கின்றன. மங்கிய முகங்கள் தெளிவு பெற்று எழுவதைக் கண்டு மகிழ்வது இயற்கையே. அம்மகிழ்ச்சியை நாம் குறை கூற வரவில்லை. அவ்வர்ணம் மெய்யானதுதானா என்று விசாரிக்க எவருக்கும் தோன்றாதிருப்பதே நமது கவலை.

யந்திரம் இவ்வேலையைக் கற்கும் விதத்தைச் சிறிது கவனிப்போம். லக்ஷக்கணக்கான வர்ணப் படங்களிலிருந்து வர்ணத்தை நீக்கிவிட்டு, நீக்கியதை ஊகித்து மீண்டும் பூசும்படி அதைப் பழக்குகிறார்கள். வானம் நீலம், புல் பச்சை என்று அது கற்றுக்கொள்கிறது. புடவையின் விஷயம் அப்படியன்று. ஒரே சாம்பல் நிறத்துக்குப் பின்னால் அரக்கும் இருக்கலாம், மயில்கழுத்தும் இருக்கலாம். எதுவென்று அறியாத யந்திரம் எல்லாவற்றுக்கும் நடுவான ஒரு பழுப்பைப் பூசித் தப்பித்துக்கொள்ளும். 2016-ம் வருஷத்தில் பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் இக்குறையைப் போக்க முயன்றார்கள். பத்து லக்ஷத்துக்கு மேற்பட்ட படங்களில் பயின்ற அவர்களுடைய யந்திரம் பூசிய படத்தை அசலுடன் சேர்த்துக் காட்டியபோது, நூற்றுக்கு 32 தடவை ஜனங்கள் யந்திரத்தின் படத்தையே அசலென்று கொண்டார்கள். சாமர்த்தியமான வேலைதான். ஆனால் நம்பத்தக்க வர்ணத்தைத் தருவதே தங்கள் நோக்கம், இருந்த வர்ணத்தை மீட்பதன்று என்பதை அவர்களே ஒளிவுமறைவின்றிக் கூறிவிட்டார்கள். அந்தக் கருவியைக் கையாளுகிறவர்கள்தாம் அதை மறந்துவிடுகிறார்கள்.

பழைய பிளேட்டுகளும் இவ்விஷயத்தில் பொல்லாதவை. 19-ம் நூற்றாண்டின் கண்ணாடிப் பிளேட்டுகளில் பெரும்பாலானவை நீல ஒளியையே உணர்ந்தன. பின்னர் வந்த ஆர்த்தோகுரோமாட்டிக் பிளேட்டுகள் பச்சையையும் உணர்ந்தன, சிவப்பை அறியமாட்டா. சிவப்பையும் அறியும் பிலிம் 1920-களிலிருந்துதான் பரவலாயிற்று. ஆகவே குங்குமமும் அரக்குச் சேலையும் அப்படங்களில் கரியாக விழுந்தன. நீலச் சேலை வெளுத்து நின்றது. இக்காலத்துப் படங்களில் பயின்ற யந்திரத்துக்கு இச்சூட்சுமம் தெரிய நியாயமில்லை. முகூர்த்தப் புடவைக்கு அது கறுப்புப் பூசிவிடவும் கூடும். எந்தப் பாட்டி அதைப் பொறுப்பாள்?

வீட்டுப் படத்தில் நேரும் பிழை வீட்டோடு போகும். தேசத்தின் சரித்திரத்தில் நேர்வது அவ்வாறன்று. 1923-ல் நாகபுரிக் கொடிச் சத்தியாக்கிரகத்தில் தொண்டர்கள் ஏந்திச் சிறை புகுந்த கொடி இன்றைய மூவர்ணக் கொடியன்று. மேலே வெள்ளை, நடுவே பச்சை, கீழே சிவப்பு, அவற்றின் மேல் இராட்டை. 1921 முதல் வழங்கிய கொடி அது. காவி, வெள்ளை, பச்சை என்ற வரிசையைக் காங்கிரஸ் 1931-ல்தான் ஏற்றது. 1947 ஜூலையில் இராட்டையின் இடத்தில் அசோக சக்கரம் அமைந்தது. இன்றைய கொடியையே கண்டு பழகிய யந்திரம், 1923-ம் வருஷத்து ஊர்வலப் படமொன்றின் கீழ்ப்பட்டைக்குப் பச்சை பூசினால் தடுப்பார் யார்? அப்படம் ஒரு பாடப்புத்தகத்தில் ஏறிவிட்டால், எந்தக் கொடிக்காக அவர்கள் தடியடி பட்டார்கள் என்பதே பிள்ளைகளுக்கு மாறித் தெரியும்.

வர்ணம் பூசத் துணிந்த கை முகத்தையும் திருத்தத் துணியும் என்பதற்குக் கம்போடியா சாட்சி. 1975 முதல் 1979 வரை புனோம்பென் நகரின் துவோல் ஸ்லெங் சிறையில் அடைபட்டவர்களை, கொல்வதற்கு முன் சிறை அதிகாரிகள் போட்டோ எடுத்து வைத்திருந்தனர். 2021 ஏப்ரலில் இணையப் பத்திரிகை ஒன்று அவற்றில் சிலவற்றை வர்ணம் தீட்டி வெளியிட்டது. சில முகங்களில், அசலில் இல்லாத புன்னகை இருந்தது! கம்போடிய அரசாங்கம் கண்டித்தது. பத்திரிகை படங்களை விலக்கிக்கொண்டது. சாவை எதிர்நோக்கி நின்றவரைச் சிரிக்க வைத்த கொடுமையை வேறு என்ன சொல்லால் குறிப்பது?

முறையாகச் செய்தவர்களும் உண்டு. முதல் உலக யுத்தத்துப் பிலிம்களுக்கு 2018-ல் வர்ணம் சேர்த்த நியூஸிலாந்து டைரக்டர் பீட்டர் ஜாக்ஸன், தாம் சேகரித்து வைத்திருந்த அக்காலத்துச் சீருடைகளையே ஆதாரமாகக் கொண்டார். நம் பத்திரிகைகளும் புத்தக வெளியீட்டாளர்களும் வர்ணப் படத்தை அச்சிட்டால், அருகே அசலையும் அச்சிடட்டும். எது ஆதாரத்தால் அறிந்தது, எது யந்திரத்தின் ஊகம் என்று கீழே ஒரு வரி எழுதட்டும். இதற்குப் பெரிய செலவொன்றும் இல்லை.

வீட்டுப் படங்களுக்கு இன்னும் உயிருள்ள சாட்சிகள் இருக்கிறார்கள். எண்பதும் தொண்ணூறும் கடந்த பெரியோர்களிடம் படத்தைக் காட்டி, புடவை என்ன நிறம், கரை என்ன நிறம், திண்ணைத் தூணுக்கு என்ன வர்ணம் அடித்திருந்தது என்று கேட்டு, சொன்னவர் பெயரும் தேதியுமிட்டுக் குறித்து வைக்கவேண்டும். பெட்டியடியில் அந்தப் புடவையே கிடைத்தாலும் கிடைக்கும். யந்திரத்திடம் அடுத்த வருஷமும் போகலாம்; அவர்களிடம் இந்த வாரமே போகவேண்டும்.